காத்திருக்கும் ஆசான்

சென்ற பங்குத் திருவிழாவையொட்டிச் சிறுவருக்கு ஓட்டப் பந்தயம் நடத்தினோம். இரண்டாவதாக வந்த சிறுவன் ஒருவனை, "முதலாவதாக வரத் தெரியாதா?" என்று அவன் தந்தை பலர் முன்னிலையில் கடிந்துகொண்டார். சிறுவன் தலைகுனிந்து நின்றான். நாமோ கண்டும் காணாதவர்போல் பரிசு வழங்கிக்கொண்டிருந்தோம். அன்று வாய் திறவாதது நம் குற்றமே. அதற்கு ஈடாக, ஓடக் கற்பித்த ஒரு துறவியைப் பற்றி இங்கு எழுதுகிறோம்.

கென்யா நாட்டில் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இட்டேன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளிக்கு 1976-ஆம் ஆண்டு, புவியியல் ஆசிரியராக அயர்லாந்திலிருந்து வந்தார் அருட்சகோதரர் கோல்ம் ஓ'கானல். சென்னை அடையாற்றில் பள்ளி நடத்தும் பேட்ரிசியன் சகோதரர் சபையே அவருடைய சபை. ஓட்டப் பயிற்சியில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. மாணவர் ஓடுவதைக் கூர்ந்து கண்டே கற்றார். அவரிடம் பயின்ற பீட்டர் ரோனோ, 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

நடுத்தூர ஓட்டத்திற்கு வேகமும் வேண்டும். தாங்கும் வலுவும் வேண்டும். வளரும் பருவத்தில் எலும்பும் தசைநாரும் இன்னும் முதிர்வதில்லை. நாள்தோறும் கடும் வேகத்தில் ஓடச் செய்தால் முழங்காலும் கெண்டைக்காலும் நோகும், மனமும் சலித்துவிடும். ஆதலால் நல்ல பயிற்சியாளர், உடன் ஓடுபவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டத்தையே பெரும்பாலும் கொடுப்பார். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். வயல்வெளியிலும் மேட்டு நிலத்திலும் கிராஸ் கண்ட்ரி ஓடவைத்துக் கால்களை உரப்படுத்துவார். ஓய்வு நாளையும் பயிற்சி நாளாகவே மதிப்பார்.

2004-ஆம் ஆண்டு டேவிட் ருடிஷா என்ற இளைஞர் சகோதரரிடம் வந்து சேர்ந்தார். அவருடைய தந்தை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். 400 மீட்டரில் நாட்டங்கொண்டிருந்த மகனைச் சகோதரர் 800 மீட்டருக்குத் திருப்பினார். 2006-இல் இளையோர் உலகப் பட்டம் கிடைத்தது. ஆனால் 2008 ஒலிம்பிக்கிற்குக் காயத்தால் செல்ல இயலவில்லை. 2009 உலகப் போட்டியில் அரையிறுதியோடு திரும்பினார். ஆசான் அவசரப்படவுமில்லை, கைவிடவுமில்லை. 2010-இல் ருடிஷா உலக சாதனையை முறியடித்தார். முன்பு அதை வைத்திருந்த வில்சன் கிப்கெட்டரும் அதே பள்ளியின் மாணவரே! 2012-இல் லண்டனில், தொடக்கமுதல் முன்னின்று ஓடி, 1 நிமிடம் 40.91 வினாடியில் தங்கம் வென்றார் ருடிஷா. நூறு வினாடி ஓட்டத்திற்கு எட்டு ஆண்டுப் பொறுமை!

அப்பள்ளி வளாகத்தில் வெற்றி வீரர்களின் பெயரால் மரங்கள் நட்டிருக்கிறார்கள். பொருத்தமான நினைவுச் சின்னமே! எம்மரமும் அதட்டலுக்கு அஞ்சி வளர்வதில்லை அன்றோ?

அன்புள்ள பெற்றோரே, பந்தயம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "எத்தனையாவது வந்தாய்?" என்று கேட்குமுன், "மகிழ்ச்சியாக ஓடினாயா? கால் வலிக்கிறதா?" என்று கேளுங்கள். படிப்பிலும் இதுவே நியாயம். புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதுகையில், தம் ஓட்டத்தை முடித்துவிட்டதையே மனநிறைவோடு குறிப்பிடுகிறார்; எத்தனையாவதாக வந்தார் என்று அவர் சொல்லவில்லை.

சென்ற வாரம் அச்சிறுவனின் இல்லம் சென்றோம். அன்று சொல்லத் தவறிய பாராட்டை, தந்தையின் முன்னிலையிலேயே அவனுக்குச் சொன்னோம். தந்தை மறுமொழி கூறவில்லை. மகனின் தோள்மீது மெல்லக் கைவைத்தார்.