ஒரு பறவை, இரண்டு கறி

கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி தேடும் திருவனந்தபுரத்துக்காரர்களுக்குக் கொல்லம் கைகொடுக்கும். அங்கே குரீப்புழையில் கேரள அரசின் கால்நடைத் துறை வான்கோழிப் பண்ணையே நடத்துகிறது. பறவையை வாங்கிவிடலாம். முழுசாக ஓவனில் வைத்துப் பதம் தவறாமல் எடுப்பதுதான் சவால். அந்த ஒரே தோலுக்குள் இரண்டு விதக் கறி இருக்கிறது.

வான்கோழி நாள் முழுக்க நடந்து மேய்வது. ஓயாமல் உழைக்கும் தொடையில் ஆக்சிஜனைச் சேமித்துவைக்கும் சிவப்புப் புரதமான மயோகுளோபின் நிறைந்திருக்கும். தசையைக் கட்டிப்பிடிக்கும் நார்ப்புரதமான கொலாஜனும் அதிகம். நெஞ்சுக்கு வேலை, ஆபத்தில் விருட்டென்று எழும்பும் நேரத்தில் மட்டும்தான். அதனால் வெளுத்து, மிருதுவாக இருக்கும். கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் சால்மொனெல்லா கிருமி நொடியில் செத்துப்போகும். நெஞ்சுக்கு அதுவே எல்லை, தாண்டினால் சக்கை. தொடைக்கோ 80 டிகிரி வாக்கில்தான் கொலாஜன் இளகி ஜெலட்டினாகும். ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதட்டில் ஒட்டுமே, அதே பொருள்.

இதற்கு ஹெரால்ட் மெக்கீ என்ற சமையல் அறிவியல் எழுத்தாளர் சொன்ன வழி அபாரம்: ஓவனில் ஏற்றும் முன் நெஞ்சின்மேல் மட்டும் ஐஸ் பொட்டலம் வையுங்கள். தொடை சூட்டில் முந்திக்கொள்ளும்!

எவ்வளவு நேரம்? எடை இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும் என்றுதான் தோன்றும். இயற்பியலாளர் பனோஃப்ஸ்கி போட்ட சூத்திரம் வேறு சொல்கிறது. 163 டிகிரி ஓவனில் 5 கிலோ பறவைக்கு மூன்றேகால் மணி நேரம். 10 கிலோவுக்கு ஐந்தேகால்தான்.

தோலில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. புரதமும் சர்க்கரையும் கூடிப் பொன்பழுப்பும் மணமும் தரும் மயார் வினையோ 140 டிகிரி வாக்கில்தான் வேகம் பிடிக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விவரித்தது இது. திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் தோல் தானாக உலராது. உப்பு தடவி, மூடாமல் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

இனி கிரேவி, எனக்கு இதுதான் பெரிய அதிசயம். ட்ரேயில் சொட்டிக் கிடப்பது கொழுப்பும் ஜெலட்டின் கரைந்த சாறும். அடியில் ஒட்டிய பழுப்புப் பொருக்கு மயார் வினையின் சேமிப்பு. வெந்நீர் ஊற்றிச் சுரண்டினால் கரைந்து வரும். மைதாவைக் கொதிக்கும் சாற்றில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும்: வெளிமாவு உடனே ஊதிப் பசையாகி, உள்மாவுக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவிடும். மிதக்கும் கொழுப்பை வழித்து அதில் மைதாவை முதலில் வறுத்தால், ஒவ்வொரு துகளையும் கொழுப்பு தனித்தனியாகப் போர்த்திவிடும். பிறகு சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற, துகள்கள் தனித்தனியே ஊதிக் குழம்பைக் கெட்டிப்படுத்தும்.

தொடையும் எலும்பும் விட்ட ஜெலட்டின் இப்படி வறண்ட நெஞ்சுக்கறியின்மேல் போய்ச் சேர்கிறது. ஆறினால் ஜெலட்டினும் மாவும் இன்னும் இறுகும் என்பதால், நினைத்ததைவிடச் சற்று நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள்.