முத்து ஊரில் உப்பு

மதுரையிலிருந்து என் அக்கா வந்தால் முதல் கேள்வியே, "ஏன்டி, உங்க ஊரிலே முத்து மலிவாமே, எங்கே வாங்கலாம்?" என்பதுதான். முத்துக்குளிப்பு 1961-லேயே நின்றுபோச்சு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அந்தக் காலத்தில் கனமான கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவார்களாம். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பது பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தான். தங்கை தாலியாச்சே, கை நழுவவிடுவானா? நல்ல கணக்கு!

சிப்பிக்குள் முத்தை நாமே விளைவிக்கும் வித்தையை ஜப்பானில் தோபா என்ற சின்னக் கடற்கரை ஊரில் மிகிமோட்டோ 1893-ல் செய்து காட்டினார். தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் முத்து வளர்த்தார்கள். ஆனால் இன்று உலகச் சந்தையில் பெரும்பங்கு சீனாவின் நன்னீர் முத்துதான். அக்காவுக்கு இதில் ஏக வருத்தம்.

பார்க்க வேறு இல்லையா என்ன? 1713-ல் கட்டிய பனிமய மாதா கோயிலில் ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் போவோம். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் பெயர்தான் 2011 முதல் துறைமுகத்துக்கு. முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் மக்ரூனை வாங்கினால் உடனே டப்பாவில் போட்டு மூடுங்கள். கடல்காற்றுப் பட்டால் பிசுபிசுத்துவிடும்.

ஆனால் ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்தான். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் எங்கள் பக்கம்தான் பெரிசு. எங்கள் தெருக்கோடி அம்மா ஒருவர் முப்பது வருஷமாய் அளத்துக்குப் போகிறவர். வெயிலுக்கு முந்த விடியுமுன்பே கிளம்பிவிடுவார். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று பாதமெல்லாம் வெடிப்பு. வெள்ளை உப்பில் வெயில் பட்டு எதிரடிப்பதில் கண் எரிச்சல். ஒதுங்க இடமில்லையென்று தண்ணீரே குடிப்பதில்லை; அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு. ஒரு கழிப்பறை கட்டினால் பாதி நோய் போகும், யார் கேட்கிறார்கள்? ஐப்பசி மழை வந்தால் அந்த வேலையும் கிடையாது. 2022-ல் அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தர ஆரம்பித்தது கொஞ்சம் ஆறுதல்.

போன மாதம் அக்காவை அந்த அளத்துக்கே கூட்டிப்போனேன். முத்தை மறந்துவிட்டாள். அந்த அம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்து, "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"குடுத்தாக தாயி. வேர்வையில மூக்குல நிக்கமாட்டேங்குதே" என்று சிரித்துவிட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றினார் அவர்.