தொடைத் தசை உரைக்கும் செய்தி

நோயினின்று எழுந்தவரைக் காண்போர், "என்ன, இப்படி இளைத்துவிட்டீர்களே!" என்று வினவுவது உலக வழக்கம். ஒட்டிய கன்னமும் மெலிந்த கையுமே உடல் நலிவுக்குச் சான்று என்பது நம் எண்ணம். ஆயின், மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இச்சான்று பொய்த்துப் போவதுண்டு. அங்குள்ள நோயாளியின் முகம் உப்பியிருக்கும்; கைகால்கள் வீங்கியிருக்கும்; நிறுத்துப் பார்த்தால் எடையும் கூடியிருக்கும். குருதிக் குழாய்களின் வழியே கசிந்த நீர் உடம்பெங்கும் தேங்குவதே அதற்குக் காரணம். அதே வேளையில், உள்ளே அவருடைய தசை நாள்தோறும் கரைந்துகொண்டிருக்கும்.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? நம் உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. சர்க்கரையையும் சிறிதளவு கல்லீரலில் சேமிக்கிறது. புரதத்துக்கோ தனிக் களஞ்சியம் இல்லை. தேவை நேருங்கால் தசையையே உடைத்து எடுத்தல் வேண்டும். பட்டினி கிடக்கும் நலமான உடம்பு, சில நாட்களில் சிக்கனத்தைக் கற்றுக்கொள்கிறது. கொழுப்பை எரித்துத் தசையைக் காக்கிறது. கடுங்காயமோ நோய்க்கிருமிகளோ தாக்கிய உடம்புக்கு அச்சிக்கனம் இயலுவதில்லை. புண்ணை ஆற்றவும் கிருமிகளோடு போரிடவும் வேண்டிய பொருள்களை அது தசையினின்றே பறிக்கிறது. குளிர் காய்வதற்குக் கூரையைப் பிரித்து எரிப்பதை ஒக்கும் இச்செயல். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பர்ட்சன் என்பார், 1930-ஆம் ஆண்டளவில், எலும்பு முறிந்தோரின் சிறுநீரை ஆராய்ந்தார். புரதம் சிதைவதால் உண்டாகும் நைட்ரஜன் அதில் மிகுந்திருந்தது. முறிந்த இடம் மட்டும் அவ்வளவையும் தந்திருக்க இயலாது. உடம்பு முழுவதுமே இழந்துகொண்டிருந்தது.

எடை ஏமாற்றுமாயின், இவ்விழப்பை அளப்பது எங்ஙனம்? குருதியிலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தின் அளவை முன்னாளில் மருத்துவர் பெரிதும் நம்பினர். உணவு குறையாவிடினும் நோயின் கடுமையாலேயே அது தாழ்ந்துவிடும். ஆகவே, இன்று பலர் ஒலியின் துணையை நாடுகின்றனர். நம் செவிக்கு எட்டாத ஒலி அலைகளைக் கையடக்கமான ஒரு கருவி தொடைக்குள் செலுத்துகிறது. கொழுப்பும் தசையும் சந்திக்கும் இடத்திலும், தசையும் எலும்பும் சந்திக்கும் இடத்திலும் அவ்வலைகள் எதிரொலித்து மீள்கின்றன. அவ்வெதிரொலிகள் திரையில் படமாகின்றன. தசையின் பருமனை அப்படத்தில் அளந்துவிடலாம். நோயாளியை அசைக்க வேண்டுவதில்லை, வலியும் இல்லை.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ பொறுமை வேண்டும். இடுப்பெலும்புக்கும் முழங்காற் சில்லுக்கும் இடையே ஓரிடத்தைக் குறித்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளத்தல் வேண்டும். கருவியைச் சற்றே அழுத்திவிட்டாலும் தசை நசுங்கி, மெலிந்ததாகத் தோன்றும். பிறரோடு ஒப்பிடுவதைவிட, அந்நோயாளியின் முதல்நாள் அளவோடு ஒப்பிடுவதே தக்கது. உழவர் ஒருவரின் தொடையும் எழுத்தர் ஒருவரின் தொடையும் ஒன்றாகுமா?

இங்கிலாந்தில் சூடின் புதுச்சேரி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 63 நோயாளிகளை இவ்வாறு ஆராய்ந்து, முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர். பத்தாம் நாளில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 விழுக்காடு சுருங்கியிருந்தது. ஓர் உறுப்பு மட்டும் பழுதுற்றோர் ஏழாம் நாளில் இழந்தது 3 விழுக்காடே. பல உறுப்புகள் பழுதுற்றோர் இழந்தது 15.7 விழுக்காடு.

அங்ஙனமாயின், புரதத்தை மிகுதியாக ஊட்டினால் தசை மீளாதா? விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றி நிரப்புவது போன்றதன்று இது. பல நாடுகளைச் சேர்ந்த 1,300 நோயாளிகளிடம் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மிகுபுரதம் பெற்றவர் விரைவில் நலமடைந்து வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு அது தீங்காகவும் தோன்றியது. தசையின் மெலிவில் உணவின் குறையோடு நோயின் வேகமும், அசையாது கிடத்தலும் கலந்துள்ளன. எனவே, அதனை உணவின் அளவுகோலாக மட்டும் கொள்வது பிழை என்றே கூறத் தோன்றுகிறது.

உயிர் பிழைத்த பின்னரும் இவ்விழப்பு தொடர்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் மார்கரெட் ஹெரிட்ஜ் என்னும் மருத்துவர், நுரையீரல் கடுமையாகப் பழுதுற்று மீண்ட 109 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2003-இல் எழுதினார். ஓராண்டு கழித்தும் அவர்கள் ஆறு நிமிடத்தில் நடந்த தொலைவு, நலமுள்ளோர் நடப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. தசை மெலிவும் சோர்வுமே அதற்குக் காரணம் என்று அவர்களே கூறினர். அவர்களுட் பாதிப் பேர் 45 வயதைக் கடவாதவர்.