தேடல் பெட்டியில் விழும் கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரிவர் பூல்ஸ் அண்ட் ஸ்பாஸ் என்றொரு நிறுவனம். வீட்டுத் தோட்டங்களில் ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் அமைத்துத் தருவது அவர்கள் தொழில். 2008-ல் வந்த பொருளாதார நெருக்கடியில் ஆர்டர்கள் ரத்தாகி, கடையை இழுத்து மூடும் நிலை வந்தது. பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன் 2009-ல் ஒரு முடிவெடுத்தார். வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிறுவனத்தின் இணையதளத்தில் பதில் எழுத ஆரம்பித்தார்.

அவற்றில் முக்கியமான கேள்வி: ‘ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும்?’ குளம் கட்ட நினைக்கும் எல்லோரும் கேட்பது இது. ஆனால் தொழிலில் இருந்த பெரும்பாலோர் இணையத்தில் விலைப் பேச்சையே எடுப்பதில்லை. எதனால் விலை கூடும், எதனால் குறையும், தோராயமாக எவ்வளவு வரும் என்று ஷெரிடன் விளக்கி எழுதினார். அந்தக் கேள்வியைக் கூகுளில் தட்டியவர்களுக்கு அவர் பக்கம் முன்வரிசையில் வந்தது. ஃபைபர்கிளாஸ் குளத்தின் குறைகளையும் எழுதினார். தம் வட்டாரத்தில் நன்றாகக் குளம் கட்டுபவர்கள் யார் யார் என்று போட்டியாளர்களைப் பட்டியல் போட்டும் எழுதினார். நிறுவனம் பிழைத்துக்கொண்டது.

இந்தப் பதில்கள் உரியவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தன? அதற்குத் தேடுபொறி வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

நாம் கேள்வியைத் தட்டிய பிறகு அது இணையம் முழுக்க அலைந்து தேடுவதில்லை. ‘கிராலர்’ என்ற மென்பொருள், ஒரு பக்கத்தில் இருக்கும் லிங்கைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போய், எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்து வைக்கிறது. படித்ததிலிருந்து ஒரு சொல்லடைவு தயாராகிறது. கனமான புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அச்சிட்டிருப்பார்களே, அதே முறைதான். அந்த அடைவைப் புரட்டுவதால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வருகிறது.

ஒரு சொல்லுக்கு லட்சக்கணக்கான பக்கங்கள் கிடைக்கலாம். எதை முதலில் காட்டுவது? கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லைவிட, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு அதிக எடை கொடுக்க வேண்டும் என்றார். ‘வீடு’ என்ற சொல்லைவிட ‘ஃபைபர்கிளாஸ்’ என்ற சொல் தேடுபவரின் தேவையைத் துல்லியமாகக் காட்டிவிடும். 1998-ல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஒரு பக்கத்துக்கு மற்றவர்கள் கொடுக்கும் லிங்கை அவர்களின் பரிந்துரையாகக் கணக்கில் கொண்டார்கள். மதிப்புள்ள பக்கம் செய்யும் பரிந்துரைக்கு மதிப்பும் அதிகம்.

இந்த இரண்டு விதிகளும் வெளியே தெரிந்ததும் ஏமாற்று வேலையும் தொடங்கியது. ஒரே கீவேர்டைப் பக்கம் முழுக்கத் திணித்தார்கள்; காசு கொடுத்து லிங்க் வாங்கினார்கள். அமெரிக்கப் பல்பொருள் அங்காடி நிறுவனமான ஜே.சி. பென்னிக்கு நடந்ததைப் பாருங்கள். சம்பந்தமே இல்லாத பல தளங்களில் அதற்காகக் காசு கொடுத்து லிங்க் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த அதன் பக்கம், இரண்டே மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. அதே மாதம் வந்த ‘பாண்டா’ மாற்றம், சரக்கே இல்லாமல் எழுதிக் குவித்த தளங்களைக் கீழே தள்ளியது.

இயந்திரம் படிக்கும் விதமும் தேறிவருகிறது. ‘பிரேசில் பயணி அமெரிக்கா வர விசா தேவையா’ என்று ஆங்கிலத்தில் கேட்டால், அமெரிக்கர் பிரேசில் போவது பற்றிய பக்கத்தை ஒரு காலத்தில் கூகுள் காட்டியது. யார் எங்கே போகிறார் என்பதைச் சொல்லும் சிறு சொல்லை அது கவனிக்கவில்லை. 2019-ல் ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரியைச் சேர்த்த பிறகு அந்தச் சிறு சொல்லுக்கும் மதிப்பு வந்தது. கேள்வியின் பொருள் புரியப் புரிய, கீவேர்டைத் திணித்து எழுதுவதில் பயனில்லாமல் போகிறது.

எனவே எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் நம் பக்கத்தை முன்னே வரச் செய்யும் வேலை என்பதை, வாடிக்கையாளரின் கேள்வியைக் கேட்டறியும் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அதற்கான கருவி இலவசமாகவே கிடைக்கிறது. கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைப் பதிந்துவிட்டால், மக்கள் என்ன தட்டியபோது உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்ற விவரங்கள் 16 மாதங்களுக்குக் கிடைக்கும்.

அதைப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் வெட் கிரைண்டர் விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். ‘கிரைண்டர் கல் தேய்ந்தால் என்ன செய்வது’ என்ற தேடலில் உங்கள் பக்கம் பல நூறு முறை தோன்றியிருக்கிறது. கிளிக் செய்தவர்களோ மூன்று பேர். அந்தக் கேள்விக்கு உங்கள் தளத்தில் சரியான பதில் இல்லை என்று அர்த்தம். அதற்கென்று தனிப் பக்கம் எழுதுங்கள். தலைப்பில் அந்தக் கேள்வியே இருக்கட்டும். கல்லைக் கொத்த முடியுமா, மாற்ற வேண்டுமா, என்ன செலவாகும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். தேய்ந்த கல்லின் படத்தையும் போடுங்கள். பட்டறையில் இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த விவரம் அதில் இருந்தால், வேறு யாரும் எழுத முடியாத பக்கமாக அது ஆகிவிடும். இரண்டு மாதம் கழித்து அதே அறிக்கையைத் திறந்து, கிளிக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவே தேடல் பக்கத்தின் உச்சியில் பதிலைச் சுருக்கித் தந்துவிடுகிறது. பொத்தாம்பொதுவாக எழுதிய பக்கங்களைத் திறந்து பார்க்க இனி ஆளிருக்காது. சொந்த அனுபவம், உண்மையான விலை, மறைக்காமல் சொன்ன குறை ஆகியவற்றுக்குத்தான் தேவை கூடும். உங்கள் கடையில் போன் எடுப்பவரைக் கூப்பிட்டு, இந்த வாரம் என்னென்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். அவர் சொல்வதை சர்ச் கன்சோல் காட்டும் தேடல்களோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் வரும் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.