வாயு குரோமற்றோகிராபியில் அமுக்கத் தளம்பல்

கண்டிக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்துள்ள ஊர் பன்வில. அம்மலைத்தொடரின் காட்டு நிழலிலே நெடுங்காலம் ஏலம் பயிரிடப்பட்டு வந்தது. ஏலத்தின் எண்ணெயில் மிகுந்திருப்பவை சினியோல், தெர்பினைல் அசற்றேற்று என்னும் இரு பொருள்கள். இத்தகைய எண்ணெய் தூயதா, கலப்படமானதா எனத் துணிதற்கு இன்று பெரிதும் துணைநிற்பது வாயு குரோமற்றோகிராபி ஆகும்.

1952 ஆம் ஆண்டில் ஜேம்சு, மார்ட்டின் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் இம்முறையின் இன்றைய வடிவுக்கு அடிகோலினர். சூடேற்றப்பட்ட செலுத்துவாயில் எண்ணெய் ஆவியாகின்றது. ஈலியம், ஐதரசன் போன்றதொரு வாயு அவ்வாவியைப் பிரிகுழாய் எனப்படும் நீண்ட மயிர்த்துளைக் குழாயினூடாகக் காவிச் செல்கின்றது. குழாயின் உட்பூச்சில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறளவு தங்கி, வெவ்வேறு நேரத்தில் வெளிப்படும். அந்நேரமே பொருளின் அடையாளம். வாயுவின் வேகமோ செலுத்துவாயின் அமுக்கத்தைப் பொறுத்தது. எனவே அமுக்கம் தளம்பின் நேரம் பிறழும்; நேரம் பிறழின் ஒரு பொருள் பிறிதொன்றாகக் கொள்ளப்படும். உழைத்தவன் கொணர்ந்த நல்லெண்ணெயும் கலப்படமெனப் பழிக்கப்படலாம்.

குறையை நாடுவோர் வாயு வரும் வழியே செல்லுதல் முறை. முதலில் நோக்கவேண்டியது வாயு உருளை. அதிலிருந்து வரும் அமுக்கம், செலுத்துவாயில் வேண்டப்படுவதினும் போதிய அளவு மிகுந்திருத்தல் வேண்டும். அடுத்தது, ஊசி புகும் சிலிக்கோன் இறப்பர் வட்டு. பலமுறை துளைக்கப்பட்ட வட்டு வாயுவைக் கசியவிடும். பின்னர், உள்ளிருக்கும் கண்ணாடிக் குழாயைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்தையும், பிரிகுழாயைப் பொருத்தும் சுரையையும் பார்த்தல் வேண்டும். அடுப்பு மாறிமாறிச் சூடேறிக் குளிர்வதால் சுரை தளர்வதுண்டு. இறுதியாக, மிகை ஆவி வெளியேறும் வழியிலுள்ள வடியைக் காண்க. எண்ணெய் படிந்து வடி அடைபட்டால் அமுக்கம் வேண்டிய அளவைக் கடந்து ஏறும். அன்றி ஏறியும் இறங்கியும் நிற்கும். மாறாக, அமுக்கம் வேண்டிய அளவை எட்டாதாயின் கசிவோ வாயுக் குறைவோ காரணமாகும்.

ஐயம் தீராவிடின் ஒரு சோதனை உண்டு. பிரிகுழாயைக் கழற்றி, அது பொருந்தும் துளையையும் வெளியேறும் வழிகளையும் அடைத்து, அமுக்கமேற்றி, வாயு வரவை நிறுத்துக. அமுக்கம் இறங்கின் கசிவு செலுத்துவாயிலேயே உளது. இறங்காது நிலைப்பின் குறை பிரிகுழாயின் பொருத்திலோ, அடைபட்ட வடியிலோ இருத்தல் கூடும். சவர்க்கார நீர் கொண்டு கசிவைத் தேடுதல் தகாது. அது கருவியினுட் புகுந்து மாசாகும். ஐதரசன் காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றக்கூடும். ஆதலால் அவ்வாயுவைப் பயன்படுத்துவோர் வாயுவை நிறுத்தி அடுப்பைக் குளிரவிட்ட பின்னரே எதனையும் கழற்றுதல் வேண்டும்.

ஒருகாலத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. பலவற்றை ஒருங்கே மாற்றுவோர் கருவியைத் திருத்தினும் காரணத்தை அறியார். திருத்திய பின், இயல்பு தெரிந்த ஒரு பொருளைப் பன்முறை செலுத்தி, நேரங்கள் ஒத்துவருதலைக் காணல் வேண்டும். அதன் பின்னரே பிறர் பொருளைப்பற்றி அக்கருவி கூறுவதை ஏற்றல் முறையாகும்.