இம்போசிசன்

இம்போசிசன் என்பது, மாணவர் செய்த தவற்றுக்குத் தண்டனையாக ஒரு சொல்லையோ, வாக்கியத்தையோ, பாடப்பகுதியையோ பலமுறை எழுதி வரும்படி ஆசிரியர் பணிப்பதைக் குறிக்கும். இம்போசிஷன் எனவும் எழுதுவர். இந்த ஆங்கிலச் சொல்லின் பொதுவான பொருள், ஒன்றை ஒருவர் மீது சுமத்துதல் என்பதாகும். ஆனால் தமிழ்ப் பேச்சு வழக்கில் இது பெரும்பாலும் பள்ளித் தண்டனையை மட்டுமே குறிக்கிறது.

சொற்பிறப்பு

"மேலே வைத்தல்" என்று பொருள்படும் இம்போனெரே என்ற இலத்தீன் வினைச்சொல்லே இதன் மூலமாகும். வரி, கடமை, தண்டனை ஆகியவற்றைச் சுமத்துவதைக் குறிக்க இச்சொல் ஆங்கிலத்தில் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பள்ளிகளில், தவறு செய்த மாணவர்கள் வர்ஜில் போன்ற இலத்தீன் கவிஞர்களின் வரிகளைப் படியெடுக்க வேண்டியிருந்தது. அத்தண்டனைக்கும் இதே பெயர். மாணவர்கள் அதனை "இம்பாட்" எனச் சுருக்கி அழைத்தனர். பிரித்தானியாவில் இன்று "வரிகள்" என்ற பெயரே பெருவழக்காக உள்ளது. தமிழ்நாட்டிலோ பழைய பெயர் நிலைத்துவிட்டது.

பள்ளி வழக்கு

"இம்போசிசன் கொடுத்தார்", "இம்போசிசன் எழுதினேன்" என்பன வழக்கமான தொடர்கள். இது இரு வகைப்படும்.

1. பிழை திருத்தம்: தவறாக எழுதிய சொல், வாய்பாடு, விடை ஆகியவற்றைப் பலமுறை எழுதுதல். கற்பித்தலே இதன் நோக்கம்.

2. ஒழுங்குத் தண்டனை: "வகுப்பில் பேச மாட்டேன்" போன்ற உறுதிமொழியை 100 முறை எழுதுதல். இங்கு எழுத்து என்பது தண்டனைக்கான கருவி மட்டுமே.

விரைவில் முடிப்பதற்கு மாணவர்கள் கையாளும் உத்திகள் பல. இரண்டு பேனாக்களைச் சேர்த்துக் கட்டி ஒரே நேரத்தில் இரு வரிகள் எழுதுவது அவற்றுள் ஒன்று. மற்றொன்று, செங்குத்தாக எழுதுவது. முதலில் பக்கம் முழுதும் "வகுப்பில்" என்ற சொல் மேலிருந்து கீழாக எழுதப்படும். பின்னர் அடுத்த சொல். பின்னர் அதற்கடுத்த சொல். இவ்வாறு எழுதி முடிக்கும் மாணவர், அவ்வாக்கியத்தை ஒருமுறை கூட முழுமையாக வாசித்திருக்க வேண்டியதில்லை. முதல் வரியில் நேர்ந்த எழுத்துப்பிழை 100 வரிகளிலும் தொடர்வதும் உண்டு.

கற்றலில் பயன்

திரும்பத் திரும்பச் செய்வது நினைவை வலுப்படுத்தும் என்பது உண்மையே. ஆயினும், அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பது முதன்மையானது. செருமானிய உளவியலாளர் எர்மன் எபிங்காசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து நடத்திய சோதனைகளை 1885இல் வெளியிட்டார். ஒரே அமர்வில் 68 முறை படித்ததும், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை படித்ததும் ஏறத்தாழ ஒரே பலனை அளித்தன. ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மீண்டும் படித்தவர்களை விட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே சில நாட்களுக்குப் பின்னரும் அதனை மிகுதியாக நினைவில் கொண்டிருந்தனர்.

இம்போசிசனில் இவ்விரண்டும் இல்லை. அது ஒரே இரவில் எழுதி முடிக்கப்படுகிறது. நினைவிலிருந்து அல்லாமல், மேல்வரியைப் பார்த்தே எழுதப்படுகிறது. பிழையான சொல்லை இன்று மூன்று முறையும், நாளை பாராமல் ஒருமுறையும், அடுத்த வாரம் மீண்டும் ஒருமுறையும் எழுதச் செய்வது, குறைந்த உழைப்பில் கூடுதல் பயன் தரக்கூடும். மேலும், எழுதுவது ஒரு தண்டனை என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடக்கூடும் என்பதும் இம்முறை மீதான முக்கிய விமர்சனமாகும்.

சட்ட நிலை

இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தைகளுக்கு உடல்சார்ந்த தண்டனை அளிப்பதையும் மனத்துன்பம் விளைவிப்பதையும் தடை செய்கிறது. இம்போசிசன் என்ற பெயர் இப்பிரிவில் இல்லை. எனினும், கை வலிக்கும் அளவுக்கோ, பிறர் முன் அவமானப்படும் வகையிலோ எழுத வைப்பது இப்பிரிவின் நோக்கத்துக்கு முரணானதாகும்.

பிற பொருள்களும் தமிழ்ச் சொற்களும்

பள்ளிக்கு வெளியே இந்த ஆங்கிலச் சொல் உணர்த்தும் பொருள்களைத் தமிழ் வெவ்வேறு சொற்களால் வேறுபடுத்துகிறது.

- விதிப்பு: அதிகாரம் உடைய அமைப்பு முறைப்படி சுமத்துவது. எ.கா: வரி விதிப்பு, அபராதம் விதித்தல்.
- திணிப்பு: ஏற்போரின் விருப்பத்துக்கு மாறாகச் சுமத்துவது. எ.கா: இந்தித் திணிப்பு. சென்னை மாகாணத்தில் 1937-40 ஆண்டுகளிலும், தமிழ்நாட்டில் 1965இலும் நடைபெற்ற போராட்டங்களோடு இத்தொடர் இணைந்துள்ளது.
- பக்க அடுக்கு முறை: அச்சுத்துறையில், தாளை மடித்து வெட்டியபின் பக்கங்கள் வரிசையாக அமையும்படி, ஒரே பெரிய தாளில் 8 அல்லது 16 பக்கங்களை இடமறிந்து வைப்பது. "வைத்தல்" என்ற மூலப்பொருள் இங்கு நேரடியாகவே விளங்குகிறது.

விதிப்பா, திணிப்பா என்பது பெரும்பாலும் சொல்பவரின் நிலைப்பாட்டைப் பொறுத்தது. ஒரே ஆணையை, பிறப்பித்தவர் விதிப்பு எனவும், எதிர்ப்பவர் திணிப்பு எனவும் கூறக்கூடும். பள்ளித் தண்டனைக்கு மட்டும் இவ்விரு சொற்களும் வழங்காமல், ஆங்கிலச் சொல்லே நிலைபெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- வீட்டுப்பாடம்
- மனப்பாடம்
- கடன்சொல்