களிமண் சுவரும் தொண்ணூறு நாள் கணக்கும்

மண்ணும் நிலத்தடி நீரும் நஞ்சேறியதாகச் சந்தேகிக்கப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும் என்றும், தகவல் கிடைத்த 90 நாட்களுக்குள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பூர்வாங்கப் பரிசீலனையை முடிக்க வேண்டும் என்றும் மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட விதிகள் கூறுகின்றன. அடுத்த அறிக்கைக்கான காலம் நெருங்கிவிட்டபடியால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையுள்ள வாசகர்கள் எழுதும் கடிதங்களில் இரண்டு தொண்ணூறுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒன்று, விதி குறிக்கும் கெடு. மற்றது, நஞ்சு பரவாதபடி பூமிக்கடியில் எழுப்பும் களிமண்–சிமெண்டுச் சுவரின் மாதிரியை எத்தனையாம் நாளில் சோதிப்பது என்னும் கணக்கு. முன்னதை வாரியம் பார்த்துக்கொள்ளட்டும். பின்னதே நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

அகழி சரிந்துவிடாதபடி பென்டோனைட் குழம்பை நிரப்பிக்கொண்டே வெட்டிச்சென்று, சிமெண்டு கலந்த அக்குழம்பையே சுவராக இறுகவிடுவது இம்முறையின் சாரம். கட்ச் பிரதேசத்தில் மிகுதியாக வெட்டியெடுக்கப்படும் பென்டோனைட் நுண்ணிய தகடுகளாலான களிமண். தகடுகளுக்கிடையே உள்ள சோடியம் நீரை ஈர்க்க, அது பன்மடங்கு உப்பி, தண்ணீர் செல்லும் வழிகளை அடைத்துவிடுகிறது. இத்தகைய களிமண்ணுக்குச் சிமெண்டு ஜன்மப் பகை. சிமெண்டிலிருந்து கரைந்து வரும் கால்சியம், சோடியத்தை வெளியேற்றித் தான் அவ்விடத்தில் அமர்ந்து தகடுகளை நெருக்கிப் பிணைத்துவிடுவதால், உப்பும் ஸ்வபாவமே கெட்டுப்போகிறது. ஆகையால், களிமண்ணைப் பல மணி நேரம் நீரில் ஊறவைத்து, அது பூரணமாக உப்பிய பின்னரே சிமெண்டைச் சேர்க்கிறார்கள். அச்சிமெண்டிலும் பெரும்பங்கைக் குறைத்து, பிரிட்டனில் எழுபது எண்பது சதவீதம் வரைகூட, இரும்பாலையின் ஊதுலைக் கசடைப் பொடித்துப் போடுகிறார்கள். கசடு நிதானமாக வினைபுரிந்து, நாள் செல்லச் செல்ல நுண்துளைகளைத் தூர்க்கிறது. 28ஆம் நாளில் காணாத அடர்த்தி 90ஆம் நாளில் காணப்படுவது இதனால்தான். உலை கழித்த பொருளைக் கொண்டே இரு பகைப் பொருள்களை ஒரே சுவரில் இருத்திய இந்த யுக்தியை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால், இதனை ‘நீர்புகாச் சுவர்’ என்று அறிவிப்பதை ஏற்பதற்கில்லை. பிரிட்டிஷ் சிவில் பொறியாளர் நிறுவனம் 1999இல் வெளியிட்ட அளவுகோல், 90 நாள் மாதிரியில் ஊடுருவல் வினாடிக்கு ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்கிறது. அந்த அளவுகோலில் தேறிய சுவரேயாயினும், 60 செ.மீ. கனமுள்ளதன் இருபுறத்து நீர்மட்டங்களுக்கிடையே 3 மீட்டர் வேறுபாடு இருந்தால், சதுர மீட்டருக்கு ஆண்டுதோறும் 150 லிட்டருக்கு மேல் கசியும்.

அதனினும் கவலை தருவது ஒன்றுண்டு. ஆயிரம் லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 40 கிலோ பென்டோனைட்டும், சிமெண்டும் கசடுமாக 150 கிலோவும் என்ற விகிதத்தில் பார்த்தால், சுவரின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீரே. ஈரமண்ணில் குறையின்றி நிற்கும் அது, உலர்ந்தால் வெடிக்கும். சோதனைச்சாலையில் மாதிரியை ஈரம் குன்றாமல் காக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலோ, ஐப்பசி கார்த்திகையில் ஏரிகள் நிரம்ப மேலெழும் நிலத்தடி நீர், சித்திரை வைகாசியில் இறங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் நனைந்தும் காய்ந்தும் நிற்கவேண்டிய மேற்பகுதிக்கு, ஈரத்திலேயே கிடந்த மாதிரி பெற்ற நற்சான்று எப்படிச் செல்லும்? மேலே தகுந்த களிமண் மூடி இடாமல் அதனை நம்புவது பிசகு. அடிப்பகுதியோ நீர் ஊடுருவாத அடுக்கில் பதியவேண்டும். ஸ்ரீபெரும்புதூரின் பெயராலேயே பூகர்ப்ப சாஸ்திரிகள் வழங்கும் பாறைத்தொகுதியில் களிப்பாறையும் மணற்பாறையும் மாறி மாறி வருவதால், இரண்டொரு துளை இட்டுப் பார்த்துவிட்டு ‘அடியில் களிமண் உண்டு’ என்று எழுதுவது போதாது.

ஸ்ரீபெரும்புதூர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் இராணிப்பேட்டை. 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற கழிவு, இலட்சம் டன்னை மிஞ்சியது. அதிலிருந்து கரையும் குரோமேட் எதிர்மின்னேற்றம் உடையது. களிமண் தகடுகளும் அவ்வாறே. ஆதலால், ஈயத்தைப் பற்றிக்கொள்ளும் களிமண் இதனைப் பற்றாது. இத்தகைய இடத்தில் சுவர் எழுப்பினாலும், கசிவு உள்நோக்கியே இருக்கும்படி உட்புற நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்துப் பம்பினால் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தப் பம்பை எத்தனை ஆண்டுகள், யார் ஓட்டுவார்கள் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவைக்கும்படி மக்கள் வற்புறுத்த வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மெட்ரோ நிலையங்களுக்கு எழுப்பும் சுவர்தானே இது? அன்று, அங்கே குழம்பு அகழியைத் தாங்கிவிட்டுக் கான்கிரீட்டுக்கு இடம்விட்டு வெளியேறும்.

குப்பைமேடுகள் இவ்விதிகளில் அடங்குமா? அடங்கா.

ஆலை மூடி, பொறுப்பாளி இல்லாமற் போனால்? செலவு மத்திய, மாநில அரசுகளைச் சாரும்.

இதுவரை நடந்தது என்ன? விதிகள் வெளியானபோது நாடெங்கும் அடையாளம் கண்டிருந்த 103 இடங்களில் ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருந்தது.

சுவர் எழும்பியதும் கிணற்று நீரைக் குடிக்கலாமா? வெளியே முன்னரே பரவிவிட்ட நஞ்சு அங்கேயே இருக்கும், பரிசோதிக்காமல் குடிக்கலாகாது.